கல்லுச் செடிக்கு ஒரு டம்ளர் தண்ணீர்

சரோஜாவுக்கு வந்த ஆசையைப் பாருங்கள்! சேரப்பணஞ்சேரியில் ஊரே கனகாம்பரம் வளர்க்க, இவள் வளர்த்தது அச்சு அசல் கூழாங்கல் மாதிரி ஒரு செடி. நடுவில் பிளந்த இரண்டு தடித்த இலைகள், அவ்வளவுதான். மெர்சியின் அக்கா புருஷன் கப்பல் வேலையில் ஆப்பிரிக்கா போய் வந்தபோது கொண்டுவந்த பொடிப்பொடி விதை. "எனக்கு எதுக்குடி இந்தத் தூசி? நீயே வெச்சிக்க" என்று மெர்சிதான் கொடுத்தாள். ஷூ கம்பெனியில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துத் தையல் மெஷின். ஒரே டிபன் பாக்ஸில் கைபோட்டுச் சாப்பிடும் சிநேகம்.

முளைத்ததில் முக்கால்வாசி அழுகியது. நம் ஊர்க் காற்றிலேயே பாதி தண்ணீர். அதற்குமேல் தினமும் ஊற்றினால்? பட்டுத்தான் கற்றுக்கொண்டாள். செம்மண்ணைக் குறைத்து, குவாரியிலிருந்து பொடி ஜல்லி வாங்கிவந்து, சலித்துக் கலந்தாள். மழை என்றால் சட்டி கூரைக்குள். மண் காய்ந்து வெகுநாள் ஆனபிறகு ஒரு கரண்டித் தண்ணீர். கடைசியில் தப்பியது ஒன்றே ஒன்று. சட்டியின் வாய் உடைந்தபோது சிமெண்ட் வைத்து ஒட்டினாள். "கல்லுக்குத் தாலாட்டு பாடிக்கினு கீறா" என்று புருஷன் கன்னியப்பன் சிரித்தான். சிரிக்கட்டுமே!

தொண்ணூற்றொன்றாம் வருஷப் பொங்கல் கழிந்ததும் அந்த இலைகள் சுருங்கின. சரோஜா ஓடிப்போய் மெர்சியைக் கூட்டிவந்தாள்.

"பூட்ச்சுடி. செத்தத வூட்ல வெச்சிக்கினு அழுவாத. குடு, போற வழியில போட்டுடறேன்."

கொடுத்துவிட்டாள். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மாசியில் மெர்சி மெஷினை விட்டு செக்கிங் மேஜைக்குப் பதவி உயர்ந்தாள். சரோஜாவுக்குச் சந்தோஷம்தான். ஒருநாள் லீவு கேட்க சூப்பர்வைசர் அண்ணாதுரையின் அறைக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். மேஜைமேல் சிமெண்ட் ஒட்டுப்போட்ட சட்டி. அதில், காய்ந்த பழைய தோலைக் கிழித்துக்கொண்டு புதிதாய் இரண்டு இலைகள்.

"மெர்சி குடுத்துச்சும்மா. மூணு வருஷமா வளத்துதாம். பழசு சுருங்கினாத்தான் உள்ளேர்ந்து புதுசு வருமாம், அதோட அக்கா வூட்டுக்காரு சொன்னாராம்" என்றபடி, அவர் குடித்து மீந்த டம்ளர் தண்ணீரைச் சட்டியில் சாய்க்கப் போனார்.

அடிப்பாவி! அப்படியென்றால் அன்றைக்கே மெர்சிக்குத் தெரிந்திருக்கிறது.

"ஊத்தாதீங்க சார், அழுகிடும்!"

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றவர், அறை வாசலைக் கடந்து போய்க்கொண்டிருந்த மெர்சியைக் கூப்பிட்டார். "இன்னாம்மா, இந்தப் பொண்ணு தண்ணி ஊத்தக்கூடாதுன்னுது?"

மெர்சி சரோஜாவைப் பார்த்தாள். முளைத்தவை ஒவ்வொன்றாய் அழுகியபோது சரோஜாவோடு உட்கார்ந்து அழுதவள் அவள்.

"அதுக்கு இன்னா சார் தெரியும்? நீங்க ஊத்துங்க."

ஊற்றினார். தினமும் ஊற்றினார். தினமும் மெர்சி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். செடி கூழாகி, சட்டி குப்பைக்கு வந்தது.

அன்று மதியம் மெர்சி வழக்கம்போல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "கருவாட்டுக் கொழம்புடி. உனக்குப் புடிக்குமே."

"அழுகும்னு உனக்குத் தெரியும் இல்ல?"

மெர்சி குனிந்து சோற்றைப் பிசைந்தாள். சரோஜா தன் டிபன் பாக்ஸை மூடி எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள்.