பூனையும் என் வயிற்றுப் பிள்ளையும்

இரண்டாவது முறை உண்டானபோது எனக்கு முதலில் வந்தது பயம்தான். முந்தைய கரு மூன்றாம் மாதத்தில் கலைந்திருந்தது. அப்போது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் பேக்கிங் பிரிவில் இருந்தேன். கணவருக்கு இரும்பு ஆலையில் ஷிப்ட் வேலை. சமையலறையோடு சேர்த்து இரண்டே அறை உள்ள வாடகை வீடு. அதில் எங்களோடு ஒரு பூனையும் இருந்தது. பெயரெல்லாம் வைக்கவில்லை. குட்டியாகப் பழைய இரும்புக் கிடங்கிலிருந்து சுவரேறி வந்தது. முதல் கரு போய் நான் படுத்துக் கிடந்த நாட்களில், பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஏதோ ஒன்று கேட்டார்கள். பூனை மட்டும் என் முழங்காலுக்குப் பின்னால் சுருண்டு படுத்திருந்தது.

ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து மாமியார் முருங்கைக்கீரையோடு வந்து இறங்கினார். பூனையைப் பார்த்ததுமே முகம் மாறிவிட்டது. பூனை முடி வயிற்றுக்குள் போனால் பிள்ளைக்கு இழுப்பு வரும் என்றார். பிறகு, என்னைப் பார்க்காமல், போன தடவையும் இது வீட்டில் இருந்தது அல்லவா என்றார். என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அவருக்கும் பயம், அவ்வளவுதான்.

அன்று கைபேசியில் தேடினேன். பூனையின் மலத்திலிருந்து ஒரு கிருமி தாய்க்கு ஒட்டும், கருவில் இருக்கும் குழந்தையின் கண்ணும் மூளையும் கெட்டுப்போகலாம் என்று ஒரு வீடியோவில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். பூனை மலம் கழிக்கும் மணல் தொட்டியை அதுவரை நான்தான் வெறுங்கையால் சுத்தம் செய்து வந்தேன். எழுந்து போய்க் கையைக் கழுவினேன். துடைத்துவிட்டு மறுபடியும் கழுவினேன். அந்தக் கையால்தானே சோறு பிசைந்தேன் என்று நினைத்ததும் மறுபடியும் சோப்பை எடுத்தேன்.

பூனையை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினேன். அது கதவைப் பிறாண்டியது. அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வயிற்றைக் கையால் மூடிக்கொண்டேன். மீஞ்சூர் மீன் மார்க்கெட்டில் விட்டுவிடலாம், அங்கே சாப்பாட்டுக்குப் பஞ்சமிருக்காது என்றார் கணவர். நானும் தலையாட்டினேன். அவர் கோணிப்பையை விரித்துப் பிடித்தார். விளையாட்டுக் காட்டுகிறார் என்று நினைத்ததோ என்னவோ, பூனை தானாகவே உள்ளே நுழைந்து உட்கார்ந்துகொண்டது. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. நாளைக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் கம்பெனியில் என் பக்கத்து இருக்கைக்காரியிடம் சொன்னேன். பழவேற்காட்டில் கருவாட்டு வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பத்துப் பெண். விடுவதற்கு முன்னால் மாட்டு ஆஸ்பத்திரி டாக்டரம்மாவை ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று அவளே கூட்டிப் போனாள்.

ஆடு மாடுகளுக்கு நடுவில் பூனைக் கூடையோடு நின்றோம். பூனைக்கு என்ன என்று டாக்டர் கேட்டார்.

"பூனைக்கு ஒண்ணும் இல்ல மேடம். எனக்குத்தான் பயம்," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. என்னை உட்காரவைத்து, பூனைக்கு என்ன போடுகிறேன், அது எலி பிடிக்குமா, தொட்டியை யார் கழுவுகிறார்கள் என்று கேட்டார். கிருமி இருப்பது நிஜம்தான், ஆனால் மலம் கழித்த உடனே ஒட்டாது, ஒரு நாளாவது ஆகும். தினமும் மணலை மாற்றிவிட வேண்டும், அதையும் கணவர்தான் செய்ய வேண்டும். பூனையை வெளியே விடாமல் வெந்த சாப்பாடு மட்டும் போட வேண்டும். சரியாக வேகாத கறியிலிருந்தும் கழுவாத கீரையிலிருந்தும்கூட இதே கிருமி வரும் என்றார். ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னார். கடைசியாக,

"இவ்ளோ சொல்லியும் பயம் போகலேன்னா, பிரசவம் வரைக்கும் தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது குடுத்து வைங்க. தெருவுல மட்டும் விடாதீங்க," என்றார்.

பயம் போகவில்லை. ரத்தத்தில் இதுவரை கிருமி ஒட்டியதற்கான அடையாளமில்லை என்று முடிவு வந்தது. நல்ல செய்தி என்றார் நர்ஸ். இனிமேல் ஒட்டலாம் என்பதுதான் என் காதில் விழுந்தது. தோழி பூனையைத் தன் வீட்டு மாடி அறைக்குக் கொண்டுபோனாள். வெளியே விடாமல் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்.

பூனை போன பிறகு தூங்கலாம் என்று நினைத்திருந்தேன். முடியவில்லை. அங்கேயிருந்து தப்பித்து எங்களைத் தேடி ரோட்டுக்கு வந்துவிடுமோ, லாரியில் அடிபடுமோ என்று புதிதாக ஒரு பயம் சேர்ந்துகொண்டது.

மூன்றாம் மாதத்தில் ஒரு காலை, துணியில் ரத்தக்கறை. கை கால் ஓடவில்லை. மாமியார்தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். ஸ்கேன் செய்த டாக்டர் திரையை என் பக்கம் திருப்பி, இதயம் நன்றாகத் துடிக்கிறது, சில பேருக்கு இப்படி லேசாக ரத்தம் படும், ஓய்வெடுங்கள் என்று சொல்லும்வரை மாமியார் என் கையை விடவில்லை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கணவர் ஓடி வந்ததும் அவரிடம்தான் பேசினார்.

"பூனைதான் ஊட்லயே இல்லியே நைனா. அப்பவும் பட்டுதே. பாவம், நான்தான் அது மேல பழிய போட்டுகினு இருந்தேன்."

கணவர் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"போய் அத இட்டாந்துடு. இவ கதவையே பாத்துகினு கீறா. மண்ண நீ மாத்து. நீ ஷிப்ட்டுக்குப் போனா நான் மாத்தறேன்," என்றார்.

பூனை திரும்பி வந்தது. கொஞ்சம் கொழுத்திருந்தது. என்னிடம் வராமல் இரண்டு நாள் பீரோவுக்கு மேலேயே உட்கார்ந்திருந்தது. மாமியார் கையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு, மூக்கைச் சுளித்தபடியே மணலை மாற்றுவார்.

அதன் பிறகும் நான் பயந்துகொண்டுதான் இருந்தேன். பெண் குழந்தை பிறந்தது. நர்ஸ் விளக்குப் பக்கம் தூக்கிக் காட்டியபோது அவள் வெளிச்சம் கூசி முகத்தைச் சுளித்தாள். பார்வை இருக்கிறது என்று தெரிந்ததும் கையை நீட்டி அவளை வாங்கிக்கொண்டேன்.

இப்போது அவள் தவழ்கிறாள். அவள் அழ ஆரம்பித்தால் பூனை கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறது. ஊரிலிருந்து வந்தால் மாமியார் இரண்டுக்கும் நடுவில்தான் பாய் விரிக்கிறார்.