புகைக்கு ஒரு செக்போஸ்ட்

பாறசாலையில் பேருந்து ஏறி என்னருகே அமர்ந்தவர், ஐரோப்பாவுக்கு இரும்பு வார்ப்புகள் அனுப்பும் ஆலையின் உலைக்காரர். புருவங்கள் கருகியிருந்தன. முன்பு வரிச் சோதனைச்சாவடி இருந்த அமரவிளை வந்ததும், சோதனைக்குக் காட்டுவதுபோலத் தம் பையைத் திறந்தார்.

“செக்போஸ்ட்தான் இப்போது இல்லையே,” என்றேன்.

“பழக்கமாக்கும் சாரே. இஞ்ச எடுத்தாச்சு; ஐரோப்பாக்காரன் இப்ப எங்க புகைக்கு செக்போஸ்ட் வச்சிருக்கான். கரி எரிச்சு செஞ்ச சாமான் அங்க போனா வரி உண்டு.”

ஐரோப்பிய ஆலைகள் புகைக்கட்டுப்பாடு இல்லாத நாடுகளுக்கு ஓடிவிடாதிருக்க வகுத்த நியாயமான கொள்கை அது என்று விளக்கினேன்.

“அவனுக்க ஆலை ஓடாது, சரி. ஆர்டர் நின்னு எனக்க உலை அணைஞ்சா, இந்த வயசுல நான் எங்க ஓட?”

அவர் பையை மூடினார். நான் செய்தித்தாளை விரித்தேன்.

இப்போதெல்லாம் அமரவிளை நெருங்கினால், என் கையும் பையைத் தேடுகிறது.