எமல்டா டீச்சர் இறங்கிப் பார்த்த கப்பல்

எமல்டா டீச்சர் காலமான செய்தி வந்தபோது நான் பரவை மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவருடைய பக்கத்து வீட்டுப் பெண் போனில், டீச்சர் காலையில் எழுந்திருக்கவே இல்லை என்றார். சரி என்று சொல்லிவிட்டு மீதிக் காய்களையும் வாங்கினேன். ஏன் வாங்கினேன் என்று இன்னும் தெரியவில்லை.

மிஷன் பள்ளியில் அவர் விலங்கியல், நான் வரலாறு. ஆசிரியர் அறையில் அடுத்தடுத்த நாற்காலி. அவருடைய கணவர் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். நார்வே பக்கம் ஒரு குளிர்காலப் புயலில் அந்தக் கப்பல் மூழ்கியது. மேல்தளத்தில் இருந்தவர்கள் தப்பினார்கள். இன்ஜின் அறையில் இருந்த கணவருடைய உடல் கிடைக்கவில்லை. அவர்களுக்குப் பிள்ளைகளும் இல்லை.

கல்லறைத் திருநாளன்று எங்கள் பங்குக் கோயில் கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் அவரவர் கல்லறைக்கு வெள்ளையடித்து, மெழுகுவத்தி ஏற்றிக் காத்திருப்போம். சாமியார் ஒவ்வொன்றாகத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டு வருவார். டீச்சர் கையில் பூவோடு என் மாமியார் கல்லறையருகே வந்து நிற்பார். மந்திரிக்க அவருக்கென்று ஒரு மண்மேடு இல்லை. கணவருக்காக ஒரு பூசைகூட அவர் கேட்டதில்லை.

"அவர் இல்லைங்கிறது எனக்கு இன்னும் பிடிபடல டீச்சர். இருக்கிற இடத்த ஒருவாட்டி பார்த்துட்டா போதும்" என்பார்.

ஓய்வு பெற்றதும் நீச்சல் பழகினார். ஆரப்பாளையத்தில் கணுக்கால் அளவு மழைத்தண்ணீர் தேங்கினாலே ஆட்டோ பிடிக்கிறவர் அவர். நாங்கள் செய்த கிண்டலுக்கு அளவே இல்லை. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ராமநாதபுரம் கடற்கரையில் முதுகில் காற்று உருளை கட்டிக்கொண்டு முத்துக்குளிப்பவர்களைப் போல ஆழம் இறங்கப் பழகி, பிறகு நார்வே போய்க் குளிர்நீரிலும் பழகினார்.

நார்வேக்குக் கிளம்பும்போதே கோயிலில் ஒரு சின்ன பாட்டில் நிறையத் தீர்த்தம் வாங்கிக்கொண்டார். கப்பலை மந்திரிக்க வேண்டுமாம். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

திரும்பி வந்து என் வீட்டில் உட்கார்ந்து சொன்னார். தண்ணீர் புகாத உடுப்புக்குள்ளும் விரல்கள் மரத்துப்போயினவாம். கப்பலின் பக்கவாட்டில் துரு தெரியாத அளவுக்கு வெள்ளையும் ஆரஞ்சுமாகப் பூப்போல விரிந்த கடல் சாமந்திகள். உடைந்த சன்னலில் ஒரு சிங்கி இறால் மீசையை ஆட்டிக்கொண்டிருந்தது. உள்ளே மனிதர்கள் இறந்திருப்பதால் நுழையக் கூடாது என்று கூட வந்த நார்வேப் பெண் சைகை காட்டினாராம். டீச்சர் வெளியிலேயே நின்று பாட்டிலைத் திறந்திருக்கிறார்.

"தண்ணிக்குள்ள தண்ணிய எப்படித் தெளிக்கிறது? இம்புட்டுப் படிச்சு, எனக்கும் தோணல, உங்களுக்கும் தோணல. அங்கேயே சிரிச்சுட்டேன். அவரு இருந்தா சிரிச்சிருப்பாரேன்னு நெனச்சேன் பாருங்க, அப்பத்தான் அழுக வந்துச்சு."

அந்த வாரமே அவர் கணவருக்காக இறந்தோர் பூசை கேட்டார்.

நேற்று அடக்கம். குழி வெட்டுகிறவர் மண்வெட்டியோடு என்னிடம் வந்தார். "அவுங்க வீட்டுச் சார் கல்லற எந்தப் பக்கம் டீச்சர்? ஒட்டியே வெட்டிருவோம்."

"அம்புட்டுப் பக்கத்துல இல்லண்ணே" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, வேப்பமரத்தடியில் காலியாக இருந்த இடத்தில் வெட்டத் தொடங்கினார். மண் காய்ந்து கட்டியாக இருந்தது. என் முறை வந்தபோது ஒரு பிடி எடுத்துப் போட்டேன். எனக்கு இன்னும் பிடிபடவில்லை. போயிட்டு வாங்க, டீச்சர்.