பிள்ளையை நெருப்பில் வைத்த இரண்டு தேவிகள்

பிள்ளைகளா, பக்கத்துத் தெரு அங்கிளின் மகள் ஏன் இப்போது நம் வேனில் வருவதில்லை என்று இரண்டு பேரும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அவளுக்கு ஏதோ கிளாஸ் இருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன். அது உண்மை இல்லை.

உங்களில் பெரியவளுக்கும் அவளுக்கும் சேர்த்து ஆறாம் வகுப்பில் ஒரு பிராஜெக்ட் வந்தது ஞாபகம் இருக்கும். கிரேக்கக் கதையில் வரும் ஒரு தேவியின் கதையோடு எகிப்துத் தேவிகளில் யார் கதை ஒத்துப்போகிறது என்று கண்டுபிடித்து, வகுப்பில் நாடகமாக நடித்துக் காட்ட வேண்டும். நான் பிளஸ் டூவோடு நின்றவன். உங்கள் அம்மாவின் வேலைக்காக அமெரிக்காவில் இந்தப் பிளசன்டனுக்கு வந்து, மளிகைக் கடையில் நிற்கிறவன். ஆனாலும் லைப்ரரியில் சிறுவர் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு மெதுவாகப் படித்தேன். பள்ளியிலிருந்து உங்களை அழைத்துவரும்போது அதைத் தமிழில் சொன்னேன்.

டிமிட்டர் மகளைத் தொலைத்தவள், கிரேக்கத்துக்காரி. ஐசிஸ் கணவனைத் தொலைத்தவள், எகிப்துக்காரி. இருவரும் தேடி அலைந்து, யாரென்று சொல்லாமல், தெரியாத ஊரில் தண்ணீர்க் கரையில் போய் உட்காருகிறார்கள். இருவரையும் அரண்மனைக்குக் கூட்டிப்போய்ப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அந்தப் பிள்ளைக்குச் சாவே வரக் கூடாது என்று இருவருமே அதை நெருப்பில் வைக்கிறார்கள். பெற்றவள் பார்த்து அலறுகிறாள். அதோடு எல்லாம் கெட்டுப்போகிறது. கடல் தாண்டிய இரண்டு ஊரில் எப்படி ஒரே கதை என்று எனக்கே ஆச்சரியம்.

அன்று தன் காரை சர்வீஸுக்கு விட்டிருந்ததால் அங்கிளும் நம் வேனில், முன் சீட்டில் இருந்தார். அவர்தான் அதிகம் ரசித்தார்.

"அண்ணே, செம கதை! பாப்பா, இதையே எடுத்துக்கோ. டீச்சர் அசந்துடுவாங்க."

"டாட், தே புட் எ பேபி இன் ஃபயர்!" என்றாள் அவள்.

"சாமி வெச்சா சுடாதுடா. அண்ணே, நீங்க சொல்லுங்க."

அந்த வாரக் கடைசியில் போன் செய்து என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். போனால், ஹாலில் ஆன்ட்டி கைக்குழந்தையை இறுக்கிப் பிடித்து உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் நாடகத்துக்கு ஒத்திகை பார்க்கிறேன் என்று தம்பியைப் போர்வையில் சுற்றி, கேஸ் ஃபயர்பிளேஸை ஆன் செய்து, அதன் கண்ணாடியை ஒட்டிப் படுக்க வைத்திருக்கிறாள். ஆன்ட்டி பார்த்து அலறிப் பிடுங்கியிருக்கிறார். நல்லவேளை, குழந்தைக்குக் கன்னம் சிவந்ததோடு சரி.

"ஏண்ணா, சின்னப் பிள்ளைங்ககிட்ட சொல்ற கதையா இது? சாமி வெச்சா சுடாதுன்னு சொல்றா இவ. யாருண்ணா இதெல்லாம் சொல்லிக்குடுத்தது?"

நான் அங்கிளைப் பார்த்தேன். அவர் போனைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எனக்கென்ன தெரியும்? நான் அன்னைக்கு ஆஃபீஸ் கால்ல இருந்தேன். அண்ணன் கண்டதையும் பேசுவாருன்னு உங்கிட்ட சொல்லியிருக்கேன்ல?"

"பட் டாட், யூ செட்..."

"நீ உள்ள போ!"

அந்தக் குழந்தை பிறந்தபோது இந்தப் பெண் நம் வீட்டில்தான், உங்கள் நடுவில்தான், தூங்கினாள். அவள் எதிரிலேயே அவள் அப்பாவைப் பொய்யன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "மன்னிச்சுக்கோம்மா" என்று ஆன்ட்டியிடம் சொல்லிவிட்டு எழுந்தேன்.

அங்கிள் வேன் வரைக்கும் கூடவே வந்தார். "தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. வீட்ல சமாளிக்கணும்ல? கொஞ்ச நாள் நாங்களே டிராப் பண்ணிக்கிறோம்."

ஆன்ட்டி மேல் எனக்குக் கோபமே இல்லை. பெற்றவள் அலறத்தான் செய்வாள். ஆனால் டிமிட்டர் கதையிலும் சரி, ஐசிஸ் கதையிலும் சரி, கூட உட்கார்ந்து சிரித்துக் கேட்டுவிட்டு, பிறகு எனக்குத் தெரியாது என்று சொன்ன ஆள் யாரும் இல்லை. புத்தகத்தை மறுபடி புரட்டியும் பார்த்தேன். எனக்கு மட்டும்தான் அப்படி ஒருவர் வாய்த்தார்.

மறுநாள் கடைக்குப் பின்னால் வேனில் தனியாக உட்கார்ந்து, போனில் உங்கள் பள்ளியின் ஆப்பைத் திறந்தேன். நானும் அம்மாவும் கிடைக்காவிட்டால் அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்ற இடத்தில் அவருடைய நம்பர் இருந்தது. அழித்தேன். அந்த இடத்தை வெறுமையாக விட்டால் சேவ் ஆகாது என்றது. வேறு யார் நம்பரும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. கடை போன் நம்பரைப் போட்டுவிட்டு உள்ளே போனேன்.