லூர்துமேரி டீச்சரின் பஸ் டிக்கெட்டுகள்

சின்னமனூர் டவுன் பஸ்ஸில் வைத்துத்தான் சேதி கிடைத்தது. டிக்கெட்டைக் கிழித்து நீட்டிய கண்டக்டர், "டீச்சர், ஒங்க லூர்துமேரி டீச்சர் காலையில தவறிட்டாகளாம். ஒங்களுக்குச் சொல்லலையா?" என்றார். யாரும் சொல்லவில்லை. பெண்களுக்குக் கட்டணமில்லாத அந்த டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். இறங்கியதும் எல்லோரும் கீழே போடும் அந்தக் காகிதத்தை டீச்சர் ஒருநாளும் எறிந்ததில்லை. அவரிடம் படித்த உங்களுக்கு அது தெரியும்.

காமயகவுண்டன்பட்டிக்கு அப்பால், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் இருந்த எங்கள் தொடக்கப்பள்ளிக்கு ஆசிரியர்கள் இரண்டே பேர். அவர் தலைமையாசிரியை, நான் உதவி. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரைமணி நேரம் நூலக வேளை. பிள்ளை ஒரு புத்தகத்தை எடுத்தால், தாம் வந்த பஸ் டிக்கெட்டின் பின்புறம் அந்தப் பிள்ளையின் பெயரை எழுதிக் கொடுத்து, நிறுத்திய பக்கத்தில் வைக்கச் சொல்வார். எத்தனை பக்கம் முடித்தாய் என்று கேட்கமாட்டார். "எங்கன நிக்கிற?" என்பார். பிள்ளைகளும் கதையில் தாங்கள் நிற்கும் இடத்தைச் சொல்வார்கள். என் மகளும் இரண்டாம் வகுப்புவரை அங்கேதான் படித்தாள். கிணற்றில் விழுந்த ஒரு பூனையின் படக்கதையை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரமாக ஒரே பதில்தான்.

"பூன இன்னும் கெணத்துக்குள்ளதான் கெடக்கு டீச்சர்."

"கெடக்கட்டும். மெதுவாத் தூக்கு, ஒண்ணும் அவசரமில்ல."

ஒரு கோடை விடுமுறைக்கு முன் நான் அலமாரியைச் சுத்தம் செய்தேன். பள்ளியை விட்டுப் போன பிள்ளைகளின் டிக்கெட்டுகளை உருவிக் குப்பையில் போட்டேன். டீச்சர் அவற்றைப் பொறுக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். எது எந்தப் பக்கத்தில் இருந்தது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "இனி எடுக்காதீக. என்னைக்காச்சும் வருவான், விட்ட எடத்துல இருந்து படிப்பான்" என்றார். "டிசி வாங்கிட்டுப் போனவன் எங்க டீச்சர் வரப்போறான்?" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அடுத்த மாதமே என் மகளுக்கு நானே டிசி கேட்டு நின்றேன். கம்பத்து ஆங்கிலப் பள்ளியின் வேன் எங்கள் தெருவுக்கே வர ஆரம்பித்திருந்தது. டீச்சர் தம் கையாலேயே எழுதிக் கொடுத்தார். "ஒங்களத் தப்புச் சொல்லமாட்டேன்" என்றார். தப்புச் சொல்லியிருக்கலாம் என்று இன்று தோன்றுகிறது.

அந்த வருடமும் பிள்ளை சேர்க்க வீடு வீடாகப் போனோம். அரசுப் பள்ளியின் அருமையைப் பேசுவது எப்போதும் நான்தான். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அந்த ஆள் நான்தான். திராட்சைப் பந்தலுக்கடியில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு தாய் கை நிறுத்தாமல் கேட்டார்: "ஒங்க பிள்ள வேன்ல போகுதுல்ல டீச்சர்? எம்பிள்ள மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?" பக்கத்தில் நின்ற டீச்சர் நடக்கத் தொடங்கினார். "வாங்க, அடுத்த வீட்டுக்குப் போவோம்" என்றார்.

மூன்றே வருடத்தில் பிள்ளைகள் நான்கு பேரானார்கள். பள்ளியை மூடினார்கள். டீச்சருக்கும் அது ஓய்வுபெறும் வருடம். புத்தகங்களைப் பெட்டிகளில் கட்டி, என்னோடு நான் மாறிப்போன பள்ளிக்கு அனுப்பினார்கள். டிக்கெட்டுகளை எடுக்காமல் கட்டச் சொன்னார் டீச்சர். பெட்டிகள் அங்கே விளையாட்டுச் சாமான் அறையில் கிடந்தன. டீச்சர் படுக்கையில் விழுந்த பிறகும் போன் செய்வார். "பெட்டியத் தெறந்தீகளா?" ஒவ்வொரு முறையும் ஒரே பொய்யைச் சொன்னேன். "தெறந்தாச்சு டீச்சர். பிள்ளைக வாசிக்குதுக." அவர் அதை நம்பினாரா என்று தெரியாது. "எங்கன நிக்குதுக?" என்று மட்டும் ஒருமுறை கேட்டார். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

கல்லறையில் மண் போட்டுவிட்டு வந்த மறுநாள் பெட்டிகளைத் திறந்தேன். அடியில் இருந்தவற்றைக் கரையான் தின்றிருந்தது. மிஞ்சியவற்றில் உங்கள் பெயர்களைப் பார்த்தேன். பெரும்பாலும் ஆறாம் பக்கம், எட்டாம் பக்கம். ஒருவரும் திரும்பி வந்து படித்ததாகத் தெரியவில்லை. பூனைக் கதையும் இருந்தது. பாதியில் ஒரு டிக்கெட், அதன் பின்னால் டீச்சரின் கையெழுத்தில் என் மகளின் பெயர்.

வீட்டுக்கு எடுத்து வந்து அவளிடம் கொடுத்தேன். இப்போது ஆறாம் வகுப்பு. இரண்டு வரியைத் தட்டுத்தடுமாறி வாசித்தாள். "நெறைய ஹோம்வொர்க் இருக்கும்மா" என்று திருப்பித் தந்தாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

டீச்சரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த ஒரு புத்தகம்தான். அவள் மறுபடி அதை எடுப்பாள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. இருந்தும் டிக்கெட்டை உருவவில்லை. டீச்சர், போனில் நீங்கள் கேட்ட கேள்விக்கு இப்போதாவது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பூனை இன்னும் கிணற்றுக்குள்தான் கிடக்கிறது.