அமெரிக்காவில் நின்ற பஸ்

காற்றாலை இறகு ஏற்றி வந்த நீளமான லொறி ஒன்று டென்மார்க்கில் எங்கள் ஊரான பிராண்டேயின் வட்டச் சந்தியில் திரும்ப முடியாமல் குறுக்கே நின்றதே, சனமெல்லாம் காரை விட்டு இறங்கிக் கோப்பி குடித்துக்கொண்டு நின்றதே, அந்தக் குளிர் முடிந்து வந்த பங்குனியில் நடந்தது இது. அந்த லொறியை எப்படி எடுத்தார்கள் என்பது வேறு கதை. நானும் அதற்குப் பின்னால் மாட்டுப்பட்டு நின்றேன். பக்கத்தில் மனைவி.

"ஒண்டு அசையாமல் நிண்டால் ஊரே நிக்குது, பாத்தீங்களே" என்றாள்.

லொறியைப் பற்றித்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் அப்போது ஒரு விதி இருந்தது. குடும்பத்துக்கு ஒரு வாக்கு. குடும்பத் தலைவர் கையைத் தூக்குவார், அவ்வளவுதான். கொம்யூன் தேர்தல், அதுதான் இந்த ஊர் நகரசபைத் தேர்தல், வந்தால் என் மனைவி எனக்கு முன்னால் போய் வரிசையில் நிற்பாள். இந்த ஊரை யார் ஆள்வது என்று சொல்ல அவளுக்கு உரிமை இருந்தது. சங்கத்து விழாவுக்கு வடையா கேசரியா என்று சொல்லத்தான் இல்லை. தீர்மானிப்பது நாங்கள், சுடுவது அவள். தன்னுடைய கையையும் ஒரு கையாக எண்ண வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை. வேறொன்றும் அவள் கேட்கவில்லை.

வருஷத்தில் ஒரு நாள் மண்டபம் எடுத்து, கலைநிகழ்ச்சி, சாப்பாடு, பொதுக்கூட்டம் மூன்றையும் ஒன்றாக முடிப்போம். கூட்டம் நடக்கும்போது பெண்கள் குசினியில் சட்டி கழுவிக்கொண்டிருப்பார்கள். அந்த வருஷம் பெண்கள் இந்த வாக்கு விஷயத்தையே நாடகமாகப் போடலாமா என்று கேட்டார்கள். சங்கத் தலைவர் எங்களைவிட வயதில் இளையவர், மரியாதையானவர். பிரச்சினை என்றால் மட்டும் வியர்த்துவிடும்.

"நாடகம் போடுங்கோ அக்கா. ஆனால் சங்கத்தை இழுக்காதேங்கோ. தூர நாட்டுக் கதை ஏதும் எடுங்கோ. ஒருத்தருக்கும் நோகாது."

அதனால் அவர்கள் அமெரிக்காவை எடுத்தார்கள்.

மனைவிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. அங்கே தொலைக்காட்சியில் பார்த்த கதையை எனக்குச் சொன்னாள். அந்த நாட்டில் கறுப்புச் சனம் பஸ்ஸில் பின்னுக்குத்தான் இருக்க வேண்டுமாம். வெள்ளைக்காரர் ஏறினால் எழும்பி இடம் விட வேண்டுமாம். தையல் வேலை செய்த ஒரு பெண் ஒரு நாள் எழும்ப மாட்டேன் என்று இருந்துவிட்டாளாம். பொலிஸ் பிடித்துக்கொண்டு போக, சனமெல்லாம் பஸ்ஸை விட்டுவிட்டு மாதக்கணக்கில் நடந்தே வேலைக்குப் போனதாம். பிராண்டேயில் கார் இல்லாமல் பால் வாங்கக்கூடப் போக ஏலாது என்பதால் இந்தக் கடைசிப் பகுதியை நம்பத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அந்த நாட்டில் பெண்கள் வாக்குக் கேட்டு மறியலுக்குப் போன கதையும் சொன்னாள். சட்டத்தில் வாக்குக் கிடைத்த பிறகும், கறுப்புப் பெண்கள் போடப் போனால் வாசிக்கத் தெரியுமா என்று சோதித்துத் திருப்பி அனுப்புவார்களாம். அந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. நான் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவன்.

பஸ் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகவே இருக்கும். நின்றுகொண்டு வருவார்கள், இருக்க மாட்டார்கள். நல்ல மரியாதையான சனம் என்று நினைத்து அதில் என் பையை வைப்பேன். விளங்கச் சில வருஷம் எடுத்தது. விளங்கிய பிறகும் பையை அங்கேதான் வைத்தேன்.

நாடகத்தில் வெள்ளைக்கார டிரைவராக நடிக்க ஒருவரும் வரவில்லை. கெட்ட பேர் வரும் என்று பயம். சங்கத்து வான் வண்டியை ஓட்டுகிறவன் என்பதால் என்னைப் பிடித்தார்கள். வசனம் ஒன்றே ஒன்று: "எழும்பு." தையல்காரியாக மனைவி. வீட்டில் பழகினோம். அவள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருப்பாள். நான் வந்து "எழும்பு" என்பேன். "எழும்ப மாட்டன்" என்பாள். பிறகு உண்மையாகவே எழும்ப மாட்டாள். தேத்தண்ணி கேட்டாலும் அதே பதில்.

"நாடகம் இன்னும் முடியேல்லையே" என்று கேட்டேன்.

"பழகாமல் வருமே? தண்ணி கொதிக்க வைக்கிற கேத்தில் உங்களுக்குப் பக்கத்திலைதான் கிடக்கு."

விழா நாளில் முகத்தில் கோதுமை மா பூசி என்னை வெள்ளையாக்கினார்கள். இடியப்பத் தட்டுத்தான் ஸ்டியரிங். பஸ்ஸுக்கு மண்டபத்தின் நல்ல கதிரைகளையெல்லாம் மேடைக்கு ஏற்றியிருந்தார்கள். அதில் சமையல் பகுதிப் பெண்கள் முழுப்பேரும் பயணிகளாக இருந்தார்கள். ஒருத்தியும் குசினியில் மிச்சமில்லை என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

பஸ் ஓடிக்கொண்டிருந்தது. பிரெடெரிசியாவிலிருந்து வர வேண்டிய பிரதம விருந்தினர் அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார். கீழே காலியாக ஒரு கதிரையும் இல்லை. தலைவர் வியர்த்துக்கொண்டு மேடையில் ஏறி, மனைவிக்கு முன்னால் வந்து குனிந்தார்.

"அக்கா, அந்தக் கதிரையை ஒருக்கா விடுங்கோ. பெரியவர் நிக்கிறார்."

"நான் எழும்ப மாட்டன்."

சனம் கைதட்டியது. தலைவர் இவ்வளவு நன்றாக நடிப்பார் என்று ஒருவரும் எதிர்பார்க்கவில்லை.

"அக்கா, நான் நடிக்கேல்லை."

அதற்கும் கைதட்டினார்கள். அவர் என்னிடம் திரும்பினார்.

"அண்ணை, நீங்கள்தானே டிரைவர். சொல்லுங்கோவன்."

எனக்கு இருந்தது ஒரு வசனம். சொன்னேன். "எழும்ப மாட்டம்" என்று பஸ் முழுவதும் சொன்னது. என் முகத்து மா வியர்வையில் கரைந்து சட்டையில் வடிந்தது.

நாடகம் முடிந்து திரையை இழுத்தார்கள். பஸ் அசையவில்லை. திரையைத் திறந்தார்கள். அப்படியே இருந்தது. சாப்பாட்டு நேரம் தாண்டியது. குசினியில் சோறு ஆறியது. எந்தச் சட்டியில் என்ன கறி, கரண்டி எங்கே என்று கீழே இருந்த ஆண்களுக்குத் தெரியாது.

"கூட்டத்தைத் தொடங்குங்கோ தம்பி" என்றாள் மனைவி. "நாங்கள் இருந்துகொண்டே கேக்கிறம். எங்களிட்டை ஒரு பிரேரணை இருக்கு. ஆளுக்கொரு வாக்கு."

தலைவர் நெற்றியைத் துடைத்தார். "சபையிலை இருக்கிறவைதான் பிரேரணை கொண்டு வரலாம். நீங்கள் மேடையிலை. அந்த பஸ் அமெரிக்காவிலை நிக்குது அக்கா."

பகிடிக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே சொன்னார். கீழே சிலர் தலையாட்டினார்கள். ஒருவர் அமெரிக்கா என்றால் அந்த நாட்டுச் சட்டப்படியே பார்க்க வேண்டும் என்று எழும்பிக் கதைத்தார்.

மனைவி என்னைப் பார்த்தாள். "இஞ்சாருங்கோ, பஸ்ஸை டென்மார்க்குக்கு விடுங்கோ."

நான் இடியப்பத் தட்டைப் பிடித்துக்கொண்டு மேடைப் படியால் இறங்கினேன். பின்னால் பெண்கள், கதிரையைப் பின்பக்கத்தோடு இறுக்கிப் பிடித்து, பாதி குனிந்தபடி, வாத்துக் கூட்டம்போலப் படிப்படியாக இறங்கி வந்தார்கள். குழந்தைகள் ஹோர்ன் அடித்தார்கள்.

"எழும்பிட்டியள்தானே" என்றார் தலைவர்.

"கதிரை உடம்பை விட்டு விலகேல்லை, பாருங்கோ."

பார்த்தார். விலகவில்லைதான். நிர்வாகத்தின் மேசைக்கு முன்னால் பஸ்ஸை நிறுத்தினேன்.

பிரேரணை சபைக்கு வந்துவிட்டது. ஆனால் பழைய விதிப்படி குடும்பத் தலைவர்கள்தான் கை தூக்கலாம். மனைவி என்னைப் பார்க்கவில்லை. நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். கதிரைக் கையை அவள் விரல்கள் பிடித்திருந்த பிடியை மட்டும் கண்டேன். இடியப்பத் தட்டோடு கையைத் தூக்கினேன். பசி ஒரு நல்ல பிரசாரகர். எனக்குப் பின்னால் ஒவ்வொரு கையாக எழும்பியது. உறுப்பினர் அல்லாத பிரதம விருந்தினரும் தூக்கினார், யாருக்குச் சோறு வேண்டும் என்று கேட்கிறார்களாக்கும் என்று நினைத்து. தலைவர் கடைசியாகத் தூக்கினார்.

அடுத்த வருஷம் வாகனப் பொறுப்பாளர் பதவிக்கு நான் நின்றேன். மனைவி தன் முதல் வாக்கை மற்றவருக்குப் போட்டாள்.

"ஏனப்பா?" என்றேன்.

"நீங்கள் வளைவுகளிலை பிறேக் பிடிக்கிறது காணாது."

இப்போது இஷொய்ப் பக்கத்தில் இந்தக் கதை வேறு மாதிரி உலாவுகிறதாம். தலைவர் பெருந்தன்மையோடு பெண்களுக்கு உரிமை கொடுத்தாராம். அதைக் கேட்டு மனைவி கண்ணீரோடு எழும்பி நின்று விருந்தினருக்கு இடம் விட்டாளாம். அந்த மனுஷன் சுவரில் சாய்ந்து நின்றுதான் கூட்டம் முழுக்கப் பார்த்தார். நீங்கள் அந்தப் பக்கம் போகிறவர். இடியப்பத் தட்டை விட்டாலும் பரவாயில்லை, என் முகத்து மாவை விட்டாலும் பரவாயில்லை. ஒருத்தியும் எழும்பவில்லை என்பதை மட்டும் சொல்லுங்கள். கேட்டவர்களையும் அப்படியே சொல்லச் சொல்லுங்கள்.