மூன்று வேளை

காந்திமதிநாதன் பிள்ளையின் வாயில் வராத ஒரே சொல் ‘இல்லை’. திருநெல்வேலி டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுக்கிற வேலை அவருக்கு. ஆற்றுப் பாசனத்தில் இருந்த இரண்டு கோட்டை விதைப்பாடு வயலும் அப்பா காலத்திலேயே கைமாறிவிட்டது. போகாமல் தங்கியது மிடுக்கு ஒன்றுதான். ‘அவுக வீட்டுல கஷ்டமாம்’ என்று தெருவில் யாராவது சொல்லிவிட்டால் மனுஷனுக்கு உயிரே போய்விடும்.

தொண்ணூற்று மூன்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்திய அரசின் குடும்ப ஆய்வுக்காக மேலப்பாளையத்துத் தாஜ் முகம்மது அவர் வீட்டுக்கு வந்தார்.

“இந்தத் தெருவுல சில வீடுகளை எடுத்திருக்கோம் அண்ணாச்சி. போன முப்பது நாள்ல என்ன வாங்குனீங்க, என்ன சாப்பிட்டீங்கன்னு கேக்கணும். யார் பேரும் வெளிய வராது.”

பேர் வெளியே வராதென்றால் உள்ளதைச் சொல்லிவிட்டுப் போகலாமே? பிள்ளையால் முடியாது. சர்க்கார் தாளில்கூடத் தன் வீடு இல்லாதப்பட்ட வீடாக ஏறக் கூடாது.

“பால்?”

“தெனம் ஒரு லிட்டர்.”

“நெய்?”

“நெய் இல்லாம எனக்குச் சோறு எறங்காது வே.”

ஆப்பிள் வரைக்கும் அளந்துவிட்டார். அந்த வேகத்தில், “ஏ கோமு, தம்பிக்குக் காப்பி கொண்டா” என்று மனைவிக்குக் குரலும் கொடுத்தார். கொடுத்த பிறகுதான் உறைத்தது. கோமு கொண்டுவந்தது பால் விடாத கட்டங்காப்பி. தாஜ் முகம்மது, “எனக்கு இதுதான் பிடிக்கும்க்கா” என்று குடித்து முடித்தார். பிள்ளைக்குக் காது மடல் சுட்டது.

“வீட்டுல ஒவ்வொருத்தரும் ஒரு நாளைக்கு எத்தனை வேளை சாப்பிடுதீங்க?”

“எனக்கு, இவளுக்கு, மகளுக்கு, எல்லாருக்கும் மூணுன்னு போடும்.”

தாஜ் முகம்மது கோமுவைப் பார்த்தார். “நீங்கக்கா?”

அதுவரை பிள்ளை சொன்னதற்கெல்லாம் அடுக்களை வாசலில் தலையாட்டிக்கொண்டு நின்றவள், “அவுகளுக்கும் மகளுக்கும் மூணு. எனக்கு ரெண்டு” என்றாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

“ரெண்டா? ராத்திரி நான் சாப்பிட்டு எந்திரிச்ச பெறவு சாப்பிடுதேன்னுதான சொல்லுவ?”

“மிச்சம் இருந்தா சாப்பிடுவேன்” என்று காலி டம்ளரை எடுத்துக்கொண்டாள்.

பிள்ளை இடிந்து போனார். ராத்திரி தினமும், “இன்னும் கொஞ்சம் வை” என்று கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவர் அவர். அவளும் வைத்தாள். பானையில் மீதி என்ன இருக்கிறதென்று ஒரு நாள் எட்டிப் பார்த்ததுண்டா? தெருவுக்குத் தெரிந்துவிடுமோ என்று ஆயுசு முழுக்கக் கூசியவருக்கு, கட்டிய மனைவியின் முகத்தைப் பார்க்க இப்போது கூசியது.

தாஜ் முகம்மது அடுத்த பக்கத்தைத் திருப்பப் போனார்.

“தம்பி, திருப்பாதீரும்.” பிள்ளை தாளின் மேல் கையை வைத்தார். “அந்த நெய்ய அடிச்சிரும். பாலையும் அடிச்சிரும். மொதல்ல இருந்து கேளும். என்கிட்ட வேண்டாம், அவகிட்ட கேளும்.”